நடுவானில் மோதும் அபாயம்: கணக்கு எங்கே தப்புகிறது?

நெரிசலான விமான நிலையத்தில் இறங்க வரும் விமானங்கள் மோதிக்கொள்ள எவ்வளவு வாய்ப்பு என்று மதிப்பிடுபவர்கள் முதலில் சறுக்குவது, 'இத்தனை வருஷமாக ஒன்றும் நடக்கவில்லையே' என்ற நிம்மதியில்தான். அமெரிக்காவின் வாஷிங்டன் ரீகன் விமான நிலையத்துக்கு அருகே 2025 ஜனவரி 29 அன்று, இறங்க வந்த பயணிகள் விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்தார்கள். பிறகு பதிவுகளைப் புரட்டினால், 2021 அக்டோபர் முதல் 2024 டிசம்பர் வரை அங்கே விமானமும் ஹெலிகாப்டரும் 1 கடல் மைலுக்குள், உயரத்தில் 400 அடிக்குள் நெருங்கிய சம்பவங்கள் 15,214.

சரி, நெருங்கியதை எண்ணினால் போதுமா? போதாது. நிலையத்தைச் சுற்றிய வான்பகுதியில் ரேடாரில் பார்த்து விமானங்களுக்கு நடுவே விட வேண்டிய குறைந்தபட்ச இடைவெளி பொதுவாக 3 கடல் மைல், அது இல்லையென்றால் உயரத்தில் 1,000 அடி. இரண்டு விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக 180 நாட் (மணிக்கு 180 கடல் மைல்) வேகத்தில் வருகின்றன என்று வையுங்கள். இடைவெளி 2.8 மைலானால் அது விதிமீறல். ஆனால் அவை ஒன்றையொன்று நெருங்கவே இல்லை. அதே இரண்டும் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து, ஒரே உயரத்தில், ஓடுபாதையின் நேர்க்கோட்டை நோக்கி வந்தால் நெருங்கும் வேகம் 360 நாட். 3 மைல் கரைய 30 விநாடிதான். ஒருவர் திரும்பத் தாமதித்தால் போதும். மீறல்களை எண்ணும் பட்டியலிலோ முதலாவது 'மீறல்', இரண்டாவது அந்த நொடிவரை 'சரி'. தூரத்தோடு நெருங்கும் வேகத்தையும் திசையையும் சேர்க்காத பட்டியலை நான் நம்ப மாட்டேன்.

கடல் மேல் பறக்கும் வழித்தடங்களுக்கு 1960-களில் உருவான, மோதும் வாய்ப்பைக் கணிக்கும் ரைக் மாதிரியை இங்கே அப்படியே இறக்குவதும் தவறு. தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் கட்டுப்பாட்டாளர் குறுக்கிடாத பறப்புக்கான கணக்கு அது. இறங்கும் வரிசையிலோ நிமிடத்துக்கு நிமிடம் அவர்தான் திருப்புகிறார், வேகத்தைக் குறைக்கச் சொல்கிறார்.

பெரிய தவறு, ஒவ்வொரு தடுப்பும் தவறும் வாய்ப்பை ஒன்றோடொன்று பெருக்குவது. கட்டுப்பாட்டாளர் தவறும் வாய்ப்பு, விமானி பார்க்கத் தவறும் வாய்ப்பு, டிகாஸ் (மோதலைத் தவிர்க்க விமானிக்கு எச்சரிக்கை தரும் விமானக் கருவி) தவறும் வாய்ப்பு மூன்றையும் பெருக்கினால் மிக அழகான சின்ன எண் வரும். ஆனால் மூன்றும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை அல்ல. தரையிலிருந்து ஏறத்தாழ 1,000 அடிக்குக் கீழே டிகாஸ் 'ஏறு, இறங்கு' என்று சொல்லாது; இறுதிக்கட்டத்தில் அந்தத் தடுப்பே கிடையாது. கண்ணும் அப்படித்தான். மோதும் பாதையில் வரும் விமானம் கண்ணாடியில் நகராமல் ஒரே புள்ளியாக நிற்கும், கடைசி விநாடிகளில்தான் பெரிதாகும். இரவில் நகர விளக்குகளுக்கு நடுவே அதைப் பிரித்தறிவது இன்னும் கடினம். தடுப்புகள் ஒன்றோடொன்று முரண்படுவதும் உண்டு: 2002-இல் ஜெர்மனியின் யூபர்லிங்கன் ஊருக்கு மேலே, டிகாஸ் ஏறச் சொன்ன விமானத்தைக் கட்டுப்பாட்டாளர் இறங்கச் சொன்னார். 71 பேர் இறந்தார்கள்.

வரைபடத்தில் போட்ட உயரத்தை உண்மையான உயரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ரீகனில் அப்போது ஹெலிகாப்டர் பாதையின் உச்சவரம்பு 200 அடியாக இருந்தது. மோதும்போது ஹெலிகாப்டர் 278 அடியில் இருந்தது.

அப்புறம், ஆண்டுச் சராசரியை வைத்துக் கணக்குப் போடுவதும் தவறு. இறங்குபவை இரட்டித்தால் மோதக்கூடிய ஜோடிகள் ஏறத்தாழ நாலு மடங்காகும். நெரிசல் நேரத்துக்குத் தனியாகவே கணக்குப் போட வேண்டும்.