இங்கிலீஷ் சந்தேகத்துக்குப் பதில் சொல்லும்போது செய்யக்கூடாதவை

'சின்ஸ்' எங்கே, 'ஃபார்' எங்கே என்று ஒருவர் கேட்டதும் 'பாயின்ட் ஆஃப் டைம், பீரியட் ஆஃப் டைம்' என்று ஆரம்பிக்காதீர்கள். பள்ளியில் அதை மனப்பாடம் செய்தவர்தான் இன்றைக்கும் 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் எய்ட் இயர்ஸ்' என்று எழுதுகிறார். தமிழில் சொல்லச் சொல்லுங்கள். '2016லிருந்து வேலை பார்க்கிறேன்', 'எட்டு வருஷமாக வேலை பார்க்கிறேன்'. 'இருந்து' வந்தால் சின்ஸ், 'ஆக' வந்தால் ஃபார். ஆனால் வினைச்சொல்லில் தமிழ் காலை வாரிவிடும். நாம் நிகழ்காலத்தில் 'பார்க்கிறேன்' என்பதால்தான் 'ஐ ஆம் வொர்க்கிங்' வருகிறது. அங்கே 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்' வேண்டும்.

பலர் சரியான வாக்கியத்தை எழுதிக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். தவறு எங்கே முளைத்தது என்று தெரியாமல் அடுத்த முறையும் அதுவே வரும். 'ஐ ஹேவ் கான் டு டெல்லி இன் 2018' என்பதைப் பாருங்கள். '2018ல டெல்லி போயிருக்கேன்' என்பது நல்ல தமிழ். வருஷத்தையும் சொல்லி 'இருக்கேன்' என்றும் முடிக்கலாம். ஆங்கிலத்தில் வருஷமோ 'யெஸ்டர்டே'யோ வந்துவிட்டால் 'ஐ வென்ட்'தான். வருஷம் சொல்லாவிட்டால் 'ஐ ஹேவ் பீன் டு டெல்லி'. 'ஹேவ் கான்' என்றால் ஆள் இன்னும் ஊர் திரும்பவில்லை என்றாகிவிடும்.

'ஏ', 'ஆன்' விஷயத்தில் ஏ-இ-ஐ-ஓ-யு என்று ஆங்கில எழுத்துகளைச் சொல்லித்தருவது வீண் குழப்பம். கணக்கு ஒலிக்குத்தான். அந்தச் சொல்லைத் தமிழில் எழுதச் சொன்னால் போதும். 'அவர்' (மணிநேரம் என்ற பொருளில் வரும் hour), எம்எல்ஏ என உயிரெழுத்தில் தொடங்கினால் 'ஆன்'. யூனிவர்சிட்டி, யூனிஃபார்ம் என்றால் 'ஏ'. 'ஓர் ஊர், ஒரு வீடு' படித்தவர்களுக்கு இது பழகிய விதிதான். இரண்டு இடங்களில் மட்டும் உஷார்: 'ஒன்வே' என்று எழுதினாலும் வாய் சொல்வது 'வன்வே', எனவே 'ஏ'. நம்மில் பலர் 'யெம்மெல்லே' என்போம். அந்த யகரம் நாம் சேர்த்தது, அதை நம்பி 'ஏ' போடக்கூடாது.

பழக்கத்தில் உள்ளதையெல்லாம் தப்பு என்று அடித்துவிடும் உற்சாகம் இன்னொரு நோய். 'ப்ரிபோன்' (குறித்த நேரத்தை முன்னுக்குக் கொண்டுவருவது) இந்திய ஆங்கிலம் என்ற குறிப்போடு ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் இருக்கிறது. சென்னை ஆபீஸுக்குள் தாராளமாக எழுதலாம். லண்டன்காரருக்கு 'பிரிங் ஃபார்வர்டு' என்றால் புரியும். எண்ணக்கூடியவற்றுக்கு 'லெஸ்' வரக்கூடாது, 'ஃப்யூவர்' என்றே சொல்ல வேண்டும் என்பதும் 1770இல் ராபர்ட் பேக்கர் என்பவர் தன் விருப்பமாக எழுதியதுதான். பின்னால் வந்தவர்கள் சட்டமாக்கிவிட்டார்கள். பரீட்சையில் 'ஃப்யூவர்' எழுதச் சொல்லுங்கள், பேச்சில் பிடித்து நிறுத்தாதீர்கள். 'டிஸ்கஸ் அபவுட்' அப்படியல்ல, அதைத் திருத்தியே ஆக வேண்டும். 'பற்றிப் பேசினோம்' என்பதிலிருந்து வரும் 'பற்றி' அது. 'டாக்' என்றால் 'அபவுட்' வேண்டும், 'டிஸ்கஸ்' என்றால் வேண்டாம்.

கடைசியாக, 'வில்லா, வுட்டா?' என்று ஒற்றை வரியில் கேட்பவருக்கு உடனே பதில் சொல்லாதீர்கள். முழு வாக்கியத்தையும், அது யாருக்குப் போகிறது என்பதையும் கேட்டு வாங்குங்கள். பாதி நேரம் அவர் திணறிய இடம் வேறாக இருக்கும்.