ஆளை மாற்றுவதா, இருக்கிறவரே இருக்கட்டுமா? வார்டு தேர்தலில் நாம் சறுக்கும் இடங்கள்

உள்ளாட்சித் தேர்தல் நெருங்கியதும் இரண்டு குரல்கள் கேட்க ஆரம்பிக்கும். "இத்தனை வருஷம் இருந்து என்ன கிழிச்சார், ஆளை மாத்து" என்பது ஒன்று. "புதுசா வர்றவர் மட்டும் என்னத்தைப் புரட்டிடப் போறார், இருக்கிறவரே இருக்கட்டும்" என்பது இன்னொன்று. இரண்டு தரப்புமே வேட்பாளரைப் பார்க்காமல் முடிவுக்கு வந்தவர்கள்தான். ஒருவருக்குக் கோபம், இன்னொருவருக்கு அலுப்பு. நான் கோபத்திலும் ஓட்டுப் போட்டிருக்கிறேன், அலுப்பிலும் போட்டிருக்கிறேன், இரண்டு தடவையும் நன்றாக ஏமாந்தேன், அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு தராசில் இருக்கிறது. பதவியில் இருப்பவரை அவர் செய்ததை வைத்து எடை போடுகிறோம், எதிர்த்து நிற்பவரை அவர் பேசுவதை வைத்து. ஒருவரிடம் எல்லோரும் பார்த்த குறைகள் இருக்கின்றன, இன்னொருவரிடம் இன்னும் நடக்காத திட்டங்கள் இருக்கின்றன. இந்தப் போட்டியில் நன்றாகப் பேசத் தெரிந்த புதியவர் எப்போதும் ஒரு படி மேலேதான் தெரிவார். அவரையும் செய்ததை வைத்தே பார்க்க வேண்டும். பதவி இல்லாத மனிதர் என்ன செய்திருக்க முடியும் என்று கேட்கலாம், நிறையவே முடியும். குடியிருப்போர் சங்கத்தில் பொறுப்பில் இருந்தாரா, இருந்தபோது வரவு செலவைக் காட்டினாரா, மன்றக் கூட்டத்துக்குப் பார்வையாளராகவாவது ஒருமுறை போயிருக்கிறாரா, ஏதாவது ஒரு பிரச்சினையை மனு எழுதி, அலைந்து, முடிவு வரை கொண்டுபோயிருக்கிறாரா? தேர்தல் அறிவிப்புக்கு மூன்று மாதம் முன்புதான் தெருப் பிரச்சினை அவர் கண்ணில் பட்டது என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

பதவியில் இருப்பவர் விஷயத்தில் செய்ததைப் பார்ப்பது இன்னும் எளிது, ஆனால் யாரும் பார்ப்பதில்லை. பெரும்பாலான ஊர்களில் மன்றக் கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளைக் கேட்டால் கொடுப்பார்கள், பல இடங்களில் இணையதளத்திலேயே இருக்கும். நான் ஒருமுறை இரண்டு வருடக் குறிப்புகளை உட்கார்ந்து படித்தேன். மொழிந்தவர், வழிமொழிந்தவர், ஏகமனதாக நிறைவேறியது, மொழிந்தவர், வழிமொழிந்தவர், ஏகமனதாக நிறைவேறியது என்று பக்கம் பக்கமாக ஓடியது. வருகைப் பதிவில் எங்கள் கவுன்சிலர் ஒரு கூட்டம்கூட விடவில்லை. ஆனால் அவர் வாய் திறந்ததாக இருந்தவை மூன்றே இடங்கள், அதில் ஒன்று இரங்கல் தீர்மானம். அதற்காக உடனே தீர்ப்பும் எழுதிவிடக் கூடாது, ஏனென்றால் நிறைய வேலை குழுக் கூட்டங்களிலும் பொறியாளரோடு தொலைபேசியிலும் நடக்கும், அது குறிப்பில் ஏறாது. அவரிடமே நேரில் கேட்டேன். சிரித்துக்கொண்டே வேறு விஷயத்துக்குப் போய்விட்டார். அப்புறம்தான் எனக்கு விளங்கியது.

அடுத்தது, கடைசி சில மாதங்களைப் பார்த்து மயங்குவது. இது நம் ஊர்க்காரர்களின் குணம் மட்டும் இல்லை. ஆண்ட்ரூ ஹீலி, கேப்ரியல் லென்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்க வாக்காளர்களை வைத்து 2014-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதில் தெரிந்தது இதுதான்: முழுப் பதவிக்காலத்தையும் வைத்துப் பொருளாதாரத்தை எடைபோட வேண்டும் என்றுதான் மக்கள் நினைக்கிறார்கள், ஆனால் கைக்குச் சுலபமாகக் கிடைப்பது கடைசி வருட நிலவரம் என்பதால் அதையே முழுசுக்கும் மதிப்பெண்ணாகப் போட்டுவிடுகிறார்கள். முழுக் காலத்துக் கணக்கையும் புரிகிற மாதிரி எடுத்துக் கொடுத்தபோது அந்தச் சாய்வு மறைந்தது. அதாவது நமக்குப் புத்தி இல்லாமல் இல்லை, எதிரில் யாரும் கணக்கை வைப்பதில்லை. ஒரு தாளில் வருடம் வருடமாக வார்டில் என்ன நடந்தது என்று எழுதிப் பாருங்கள், பல பேருக்கு முதல் வருடங்கள் காலியாகவே இருக்கும்.

தேர்தலுக்கு முந்தைய ரோடு நல்ல உதாரணம். தார் பளபளவென்று இருக்கும், பார்க்கவே குளிர்ச்சி. அதில் பாதாளச் சாக்கடை மூடி இருக்கும் இடத்தைப் போய்ப் பாருங்கள். மூடியை உயர்த்தி வைத்துவிட்டுத் தார் போட்டிருந்தால் மட்டம் சரியாக இருக்கும். போடுகிற அவசரத்தில் அப்படியே விட்டிருந்தால் மூடி இரண்டு விரல் பள்ளத்தில் கிடக்கும், முதல் மழையிலேயே அங்கே தண்ணீர் தேங்கும், தேங்கின இடத்திலிருந்து தார் பெயர ஆரம்பிக்கும். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலுக்கு மேல் போட்டிருந்தால் ரோடு வீட்டு வாசலைவிட உயர்ந்திருக்கும், வாசலில் நின்றாலே தெரியும். ரோடு போட்டார்களா என்பதைவிட எப்படிப் போட்டார்கள் என்பதில்தான் அவர் லட்சணம் தெரியும்.

இதற்கு நேர் எதிரானது கண்ணுக்குத் தெரியாத வேலையைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது, என்னைக் கேட்டால் இதுதான் இருக்கிறதிலேயே பெரிய தவறு. வெள்ளம் வந்த பிறகு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நிவாரணம் கொடுத்தவரை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். வெள்ளமே வராதபடி கோடையில் வடிகாலைத் தூர்வார வைத்தவரை யாருக்கு ஞாபகம் இருக்கும்? வராத வெள்ளத்துக்குப் போட்டோ கிடையாது. ஹீலியும் நீல் மல்ஹோத்ராவும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதை எண்ணாகவே காட்டியது: அமெரிக்காவில் பேரிடர் நிவாரணத்துக்குச் செலவழித்தவர்களுக்கு ஓட்டு கூடியது, பேரிடருக்கு முன்கூட்டியே தயாராகச் செலவழித்தவர்களுக்குக் கூடவில்லை. அப்படி முன்கூட்டிச் செலவழித்த ஒரு டாலர் பின்னால் சுமார் 15 டாலர் சேதத்தைத் தவிர்க்கும் என்றும் கணக்குப் போட்டார்கள். அதனால் "என்ன செய்தீர்கள்" என்பதோடு நிறுத்தாமல் "எது நடக்காமல் பார்த்துக்கொண்டீர்கள்" என்றும் பதவியில் இருப்பவரைக் கேட்டுப் பாருங்கள், உண்மையிலேயே வேலை செய்தவர் என்றால் முகம் மலர்ந்து அரை மணி நேரம் பேசுவார்.

அவர் கையில் இல்லாததுக்கு அவரைத் திட்டுவதும் உண்டு. நாட்டுக்கு நாடு மாறும் என்றாலும் தெருவிளக்கு, குப்பை, வடிகால், உள் தெருக்கள், பூங்கா மாதிரியானவைதான் பொதுவாக உள்ளூர் மன்றத்தின் பொறுப்பு. விலைவாசியும் நெடுஞ்சாலையும் கவுன்சிலர் கையில் கிடையாது. ஆனாலும் மேலே இருக்கிற ஆட்சி மேல் உள்ள கோபத்தைக் கீழே இருக்கிற மனிதர் மேல் இறக்குவோம். இங்கிலாந்தில் 2019 மே மாதம் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் அப்போது நாட்டை ஆண்ட கன்சர்வேட்டிவ் கட்சி 1,300-க்கும் மேற்பட்ட கவுன்சிலர் இடங்களை இழந்தது, அந்த நேரம் ஊரெல்லாம் பிரெக்ஸிட் குழப்பம், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு பிரிட்டன் வெளியேறுவது பற்றிய இழுபறி. தோற்றவர்களில் எத்தனையோ பேருக்கு அந்தக் குழப்பத்தில் எந்தப் பங்கும் கிடையாது. "அது என் கையில் இல்லை" என்று எல்லாவற்றுக்கும் கையை விரிப்பவரை அப்படியே நம்பவும் வேண்டாம். "சரி, மேலே எழுதினீர்களா, நகல் இருக்கிறதா" என்று கேளுங்கள். எழுதியவர் ஃபைலைத் தேடுவார், எழுதாதவர் வார்த்தையைத் தேடுவார். மன்றத்துக்கு அதிகாரமே இல்லாததைத் தருவதாக வாக்குக் கொடுக்கும் புதியவரையும் அப்படியே நம்ப வேண்டாம்: ஒன்று அவருக்குத் தெரியவில்லை, இல்லை தெரிந்தே சொல்கிறார்.

முகத்தைப் பார்த்து முடிவு செய்வதைப் பற்றி ஒரு வேடிக்கையான சங்கதி. ஜான் அன்டோனாகிஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாவும் சுவிட்சர்லாந்தில் 5 முதல் 13 வயது வரையுள்ள குழந்தைகளிடம் இரண்டிரண்டு பேராகப் படங்களைக் காட்டி, கப்பல் பயணத்துக்கு யாரைக் கேப்டனாக வைத்துக்கொள்வாய் என்று கேட்டார்கள். படத்தில் இருந்தவர்கள் பிரெஞ்சு நாடாளுமன்றத் தேர்தலில் மோதிய வேட்பாளர்கள். குழந்தைகள் தேர்ந்தெடுத்தவரே தேர்தலில் ஜெயித்தவராக இருந்தது சுமார் 70 விழுக்காடு. முடிவு 2009-இல் வெளியானது. நாம் பெரியவர்கள் என்று சொல்லிக்கொண்டு சாவடிக்குள் போய் என்ன செய்கிறோம் என்று யோசித்தால் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

நல்லது கெட்டதுக்கு வந்து நிற்பவர், என் விண்ணப்பத்தில் உடனே கையெழுத்துப் போட்டவர் என்பதும் அளவுகோல் ஆகாது, கையெழுத்துப் போடுவது அவர் வேலை. அதே மாதிரி புதியவர் "கறை படியாதவர்" என்பதும் பாதி உண்மைதான், இதுவரை கறை படக்கூடிய இடத்தில் அவர் நிற்கவே இல்லையே. அவருடைய பிரசாரச் செலவு யார் பையிலிருந்து வருகிறது, அவரோடு வீடு வீடாக வருகிற ஆட்களில் ஒப்பந்ததாரர் யாராவது இருக்கிறாரா என்று பார்ப்பது அதைவிடப் பயன்படும்.

என் ஓட்டில் என்ன ஆகப்போகிறது என்று வீட்டிலேயே இருந்துவிடுவதும் இந்தத் தவறுகளில் ஒன்றுதான். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலச் சட்டசபைத் தேர்தலில் 2017-இல் ஒரு தொகுதியில் ஏற்கெனவே உறுப்பினராக இருந்தவருக்கும் எதிர்த்து நின்றவருக்கும் ஆளுக்குச் சரியாக 11,608 ஓட்டு. 2018 ஜனவரியில் இரண்டு பெயரையும் ஃபிலிம் டப்பாக்களில் போட்டு, ஒரு பீங்கான் கிண்ணத்திலிருந்து எடுத்துத்தான் முடிவு செய்தார்கள். பழையவரே ஜெயித்தார், சபையில் அவர் கட்சிக்குப் பெரும்பான்மையா, இல்லை இரண்டு கட்சியும் சரிபாதியா என்பதும் அந்த ஒரு இடத்தில்தான் நின்றது. அது ஒரு முழுத் தொகுதி. வார்டில் ஓட்டுகள் இன்னும் குறைவு.

கடைசியாக, வாசலுக்கு வருகிற வேட்பாளர்களிடம் நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இந்த வருஷம் நம்ம வார்டுக்கு ஒதுக்கின தொகை எவ்வளவு, அதில் எதைக் குறைத்து நீங்கள் சொல்வதைச் செய்வீர்கள்?" போன தடவை பதவியில் இருந்தவர் "எல்லாம் பண்ணிடலாம்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். எதிர்த்து நின்ற பெண் கொஞ்சம் விழித்தார், "தெரியலை, பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்றார். இவ்வளவுதான் என்று நினைத்துக் கதவைச் சாத்தினேன். மறுநாள் சாயங்காலம் மடித்த தாள் ஒன்றோடு வந்து நின்றார், பேனாவால் எழுதின கணக்கு, அதில் இரண்டு எண்கள் தப்பு. உட்கார்ந்து இரண்டு பேருமாகத் திருத்தினோம். அவர் தோற்றுப்போனார் என்பது வேறு விஷயம், அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.