வீல் நட்டு தளர்ந்திருக்கிறதா? புதிதாகக் கார் ஓட்டுபவர்கள் தாங்களே சரிபார்க்கும் முறை

டயரை மாற்றியாச்சு, நட்டை இறுக்கியாச்சு, கிளம்பலாம் என்று ஜாக்கியை டிக்கியில் போடுவதோடு வேலை முடிந்ததாகப் பலரும் நினைக்கிறார்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு அதே நட்டுகளை இன்னொரு முறை இறுக்கிப் பார்ப்பதும் அந்த வேலையின் ஒரு பகுதிதான். பஞ்சர், டயர் மாற்றம், பிரேக் பேட் வேலை என்று எதற்காகச் சக்கரத்தைக் கழற்றி மாட்டினாலும், அடுத்து வரும் சில நாட்களில்தான் நட்டு தளரும் வாய்ப்பு அதிகம்.

முதலில் உங்கள் காரில் இருப்பது எது என்று பாருங்கள். சில கார்களில் ஹப்பிலிருந்து (சக்கரத்தை மாட்டும் நடுப்பாகம்) ஸ்டட் (மரை, அதாவது திருகு வரி உள்ள கம்பி) வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதன்மேல் நட்டைப் போட வேண்டும். டொயோட்டா, சுசூகி, ஹூண்டாய் போன்றவை பெரும்பாலும் இந்த வகை. ஃபோக்ஸ்வேகன், பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ் போன்றவற்றில் ஹப்பில் வெறும் துளைதான் இருக்கும், போல்ட்டை நேராக அதற்குள் முறுக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் ‘நட்டு’ என்று வரும் இடமெல்லாம் இரண்டுக்கும் பொருந்தும். ‘போல்ட்’ நீளும், முறியும் என்று சொல்வதும் ஸ்டட்டுக்கும் சேர்த்துத்தான்.

சக்கரத்தைப் பிடித்திருப்பது எது?

காரின் எடை முழுவதும் போல்ட்டுகளின் மேல் தொங்குகிறது என்றுதான் புதியவர்கள் நினைப்பார்கள். அப்படியல்ல. ஒரு புத்தக அடுக்கை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே அழுத்தித் தூக்குகிறோமே, அந்த மாதிரிதான் இதுவும். நட்டை இறுக்கும்போது போல்ட் கொஞ்சம் நீளும். நீண்ட போல்ட் பழைய அளவுக்குத் திரும்பப் பார்ப்பதால் சக்கரத்தை ஹப்போடு சேர்த்து அழுத்துகிறது. அந்த அழுத்தத்தில் உண்டாகும் உராய்வுதான் சக்கரத்தை நகரவிடாமல் வைத்திருக்கிறது. உலர்ந்த மரையுள்ள 12 மில்லிமீட்டர் போல்ட்டை 100 நியூட்டன் மீட்டருக்கு (எவ்வளவு பலமாக முறுக்குகிறோம் என்பதன் அளவு) முறுக்கினால், அது ஏறத்தாழ 4 டன் எடைக்குச் சமமான விசையோடு அழுத்தும். நான்கு போல்ட் சேர்ந்தால் 16 டன்.

இந்த அழுத்தம் குறைந்தால் சக்கரம் ஹப்பின்மேல் இம்மியளவு வழுக்க ஆரம்பிக்கும். ஆபத்து தொடங்குவது இங்கேதான். பக்கவாட்டில் ஏற்படும் சின்னச் சின்ன அசைவே இறுக்கிய நட்டைத் தானாகச் சுழற்றிக் கழற்றிவிடும் என்பதை ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969-இல் சோதனை செய்து காட்டினார். போல்ட் இணைப்புகளைச் சோதிக்கும் கருவி ஒன்று இன்றைக்கும் அவர் பெயரில்தான் இருக்கிறது. அதாவது, லேசாகத் தளர்ந்த நட்டு அதே அளவில் நிற்காது. அசைவு நட்டைத் தளர்த்தும், தளர்ந்த நட்டு அசைவைக் கூட்டும்.

கூடவே இன்னொன்றும் நடக்கும். அழுத்தம் போனதும் போல்ட் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை வளைந்து நிமிர ஆரம்பிக்கிறது. நடுத்தர அளவு டயர் ஒரு கிலோமீட்டருக்கு 500 தடவைக்கு மேல் சுற்றும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் முறிவது போலவே போல்ட்டும் களைத்து முறியும். சக்கரத்தின் துளைகளும் வட்டம் போய் நீள்வட்டமாகும். “ஐந்தில் ஒன்றுதான் இல்லை, மீதி நான்கு இருக்கிறதே, 80 சதவீதம் பத்திரம்தானே” என்று ஒரு கணக்கு சொல்வார்கள். அந்தக் கணக்கு தப்பு. இல்லாத நட்டுக்கு இரு பக்கமும் இருப்பவைதான் கூடுதல் சுமையைத் தாங்குகின்றன, அடுத்து முறியப்போவதும் அவைதான்.

சக்கரம் கழன்றுவிட்டால் பிரேக் டிஸ்க் ரோட்டில் இடிக்கும், பிரேக் குழாய் கிழியலாம், ஸ்டியரிங் கட்டுக்குள் நிற்காது. கார் தரையில் உரசி வேகம் குறையும், கழன்ற சக்கரமோ முன்பிருந்த வேகத்திலேயே ஓடும். 15, 20 கிலோ எடையுள்ள பொருள் மணிக்கு 80 கிலோமீட்டரில் துள்ளிக்கொண்டு எதிர் வரிசைக்கோ நடைபாதைக்கோ போனால், அடிபடுவது காருக்குள் இருப்பவர்கள் மட்டுமல்ல.

முன்கூட்டியே எப்படித் தெரியும்?

மெதுவாகப் போகும்போது ஒரு பக்கத்திலிருந்து ‘டொக் டொக்’ என்று தாளமாகச் சத்தம் வருவது, ஸ்டியரிங்கிலோ இருக்கையிலோ புதிதாக ஆட்டம் தெரிவது இரண்டும் முக்கியமான அறிகுறிகள். வீல் பேலன்ஸ் கோளாறாலும் ஆட்டம் வரும். ஆனால் அது பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில்தான் தலைகாட்டும், வேகத்தை மாற்றினால் குறைந்துவிடும். நட்டு தளர்ந்ததால் வரும் ஆட்டம் குறைந்த வேகத்திலும் இருக்கும், ஓட ஓட மோசமாகும். காலையில் இல்லாதது மாலையில் நன்றாகத் தெரிகிறது என்றால் நட்டைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள்.

நிறுத்திய காரிலும் தடயம் இருக்கும். நட்டின் அடியிலிருந்து துருக்கோடு வழிந்திருப்பது, நட்டைச் சுற்றிப் பெயின்ட் உரசி உலோகம் பளபளப்பது, துளையருகே கருப்புத் தூள் படிந்திருப்பது எல்லாம் உள்ளே ஏதோ அசைந்திருக்கிறது என்று சொல்பவை. வீல் கப் போட்டிருந்தால் இவை எதுவுமே கண்ணில் படாது. அதனால் அவ்வப்போது கப்பைக் கழற்றிப் பாருங்கள்.

என்னென்ன தேவை?

காரோடு வந்த ஜாக்கி, வீல் ஸ்பேனர், கம்பி பிரஷ், பழைய துணி, சக்கரம் உருளாமல் தடுக்க இரண்டு கட்டைகள். இவற்றோடு டார்க் ரெஞ்ச் ஒன்று. மற்றதை எப்படியும் சமாளிக்கலாம், டார்க் ரெஞ்ச் மட்டும் வாங்க வேண்டிய பொருள் என்பது என் கருத்து. எத்தனை நியூட்டன் மீட்டர் வேண்டும் என்று அதில் வைத்துவிட்டு முறுக்கினால், அந்த அளவு வந்ததும் ‘கிளிக்’ என்று சத்தம் கொடுக்கும்.

அந்த அளவு உங்கள் காரின் கையேட்டில் இருக்கும். பெரும்பாலான கார்களுக்கு 80 முதல் 140-க்குள் வரும். பக்கத்து வீட்டுக் காரின் அளவை உங்கள் காருக்கு வைக்காதீர்கள். கையேட்டில் கிலோகிராம் மீட்டர் என்று இருந்தால் 9.8-ஆல் பெருக்குங்கள். அடி பவுண்டு என்று இருந்தால் 1.36-ஆல் பெருக்குங்கள்.

படி 1: காரை நிறுத்துவது

சமமான, கெட்டியான தரையில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, எதிர்மூலைச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். நீண்ட தூரம் ஓடி வந்த கார் என்றால் சக்கரமும் பிரேக்கும் ஆறட்டும். சூட்டில் பார்க்கும் அளவு சரியாக வராது.

படி 2: தளர்த்திவிட்டுத் தூக்குவது

சக்கரம் தரையில் இருக்கும்போதே ஒவ்வொரு நட்டையும் கால் சுற்று தளர்த்துங்கள். அப்புறம் கையேடு காட்டும் இடத்தில் ஜாக்கி வைத்துத் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் கையோ தலையோ நுழையக் கூடாது. டார்க் ரெஞ்சை நட்டு தளர்த்தப் பயன்படுத்தாதீர்கள், அதன் அளவு கெட்டுவிடும்.

படி 3: சுத்தம் செய்வது

அவசரத்தில் எல்லோரும் தாண்டிப் போகும் படி இது. ஆனால் நட்டு தளர்வதற்கான காரணம் பல நேரம் இங்கேதான் இருக்கிறது. சக்கரத்தின் பின்முகமும் ஹப்பின் முகமும் உலோகத்தோடு உலோகம் ஒட்ட வேண்டும். நடுவே துருச் செதில், மண், தடித்த பெயின்ட் இருந்தால் நட்டு இறுகியதாகத்தான் தெரியும். கார் ஓடத் தொடங்கியதும் அந்தத் துரு நொறுங்கி உதிரும், உதிர்ந்த அளவுக்கு இடைவெளி விழும். போல்ட் நீண்டிருப்பதே ஒரு மில்லிமீட்டருக்கும் மிகக் குறைவுதான். முடியளவு இடைவெளி விழுந்தாலே அழுத்தத்தில் பெரும்பகுதி போய்விடும். 50 கிலோமீட்டருக்குப் பிறகு மறுபடி பார்க்கச் சொல்வதும் இதனால்தான். கம்பி பிரஷால் இரண்டு முகங்களையும் தேய்த்துத் துணியால் துடையுங்கள்.

மரையையும் தேய்த்துத் துடைத்து உலர்ந்த நிலையில் வையுங்கள். எண்ணெயோ கிரீஸோ தடவாதீர்கள். மரை வழுக்கினால் அதே 100 நியூட்டன் மீட்டரில் போல்ட் அளவுக்கு மீறி நீண்டுவிடும். கார் நிறுவனமே தடவச் சொல்லியிருந்தால் மட்டும் விதிவிலக்கு.

படி 4: சரியான நட்டுதானா?

நட்டு சக்கரத்தில் உட்காரும் பகுதியின் வடிவத்தைப் பாருங்கள். கூம்பாக இருக்கலாம், உருண்டையாக இருக்கலாம், வாஷரோடு தட்டையாகவும் இருக்கலாம். சக்கரத்தின் துளையும் அதே வடிவத்தில் இருக்க வேண்டும். கூம்பு நட்டை உருண்டைக் குழியில் போட்டால் ஒரு மெல்லிய வளையம் மட்டுமே தொடும். எவ்வளவு இறுக்கினாலும் அது நிலைக்காது. வெளியில் அலாய் வீல் வாங்கிப் பழைய நட்டையே போடுபவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். சில கார்களில் இரும்புச் சக்கரமாக இருக்கும் ஸ்டெப்னிக்கென்று தனி போல்ட்டே உண்டு.

மரை எவ்வளவு பிடிக்கிறது என்பதையும் எண்ணுங்கள். போல்ட்டின் விட்டம் எவ்வளவோ கிட்டத்தட்ட அவ்வளவு ஆழம் மரை பிடித்திருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. 12 மில்லிமீட்டர் போல்ட், 1.5 மில்லிமீட்டர் மரை இடைவெளி என்றால் ஏறத்தாழ 8 சுற்று. மூன்று நான்கு சுற்றிலேயே நட்டு முட்டி நின்றால் அதை அப்படியே இறுக்காதீர்கள். போல்ட் அளவுக்கு மேல் நீளமாக இருந்தாலும் ஆபத்துதான், உள்ளே பிரேக் பாகங்களில் போய் இடிக்கும்.

படி 5: கையால் தொடங்குவது

எல்லா நட்டுகளையும் முதலில் விரலாலேயே சுற்றுங்கள். ஆரம்பத்திலேயே ஸ்பேனரோ ஏர் கன்னோ வைத்தால் மரை கோணலாக ஏறிக் கடித்துக்கொள்ளும், உங்களுக்குத் தெரியவும் தெரியாது. போல்ட் வகைக் காரில் சக்கரத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே துளையைப் பொருத்துவது எரிச்சலான வேலை. வழிகாட்டிப் பின் (மரையுள்ள நீளமான கம்பி) ஒன்றை மேல் துளையில் முறுக்கி, அதில் சக்கரத்தை மாட்டிக்கொண்டால் எளிதாகிவிடும்.

படி 6: எதிரெதிராக இறுக்குவது

வரிசையாகச் சுற்றி வந்து இறுக்கினால் சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காரும். நான்கு நட்டு என்றால் ஒன்றுக்கு நேர் எதிரே இருப்பது அடுத்தது. ஐந்து நட்டு என்றால் ஒன்று விட்டு ஒன்று, நட்சத்திரம் வரைவது போல. முதல் சுற்றில் ஸ்பேனரால் மிதமாக இறுக்குங்கள். டயர் தரையைத் தொட்டுக் கொஞ்சம் எடை ஏறும் வரை ஜாக்கியை இறக்குங்கள். பிறகு டார்க் ரெஞ்சைப் பாதி அளவில் வைத்து ஒரு சுற்று, முழு அளவில் வைத்து ஒரு சுற்று. கிளிக் கேட்டதும் நிறுத்துங்கள். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கிளிக் செய்துகொண்டே போனால் அளவு மீறிவிடும்.

டார்க் ரெஞ்ச் கையில் இல்லாத இடத்தில் ஒரு கணக்கு உதவும். 25 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் 40 கிலோ விசை கொடுத்தால் 98 நியூட்டன் மீட்டர். சராசரி மனிதர் இரு கையாலும் நன்றாக அழுத்தினால் வரக்கூடிய விசைதான் இது. ஸ்பேனரில் பைப்பைச் செருகி இழுப்பதும், மேலே ஏறிக் குதிப்பதும் வேண்டாம். அளவு மீறி நீண்ட போல்ட் பழைய நிலைக்குத் திரும்பாது, அதை நம்பவும் முடியாது. ஏர் கன்னால் கண்மூடித்தனமாக இறுக்கிய நட்டிலும் இதே பிரச்சினைதான், டிஸ்க் கோணலாவதும் உண்டு. பிறகு ஸ்டெப்னி மாட்டும்போது அந்த நட்டைக் கழற்ற முடியாமல் திண்டாடுவது தனிக்கதை.

படி 7: 50–100 கிலோமீட்டருக்குப் பிறகு

சக்கரம் ஆறியதும், தரையில் நின்றபடியே, அதே அளவில் டார்க் ரெஞ்சை வைத்துப் பாருங்கள். நட்டு நகராமல் கிளிக் வந்தால் சரி. கொஞ்சம் நகர்ந்து கிளிக் வந்தாலும் சரி, இன்னொரு 50 கிலோமீட்டர் கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் நகர்ந்தால் சக்கரத்தைக் கழற்றிப் படி 3-இலிருந்து திரும்பத் தொடங்க வேண்டியதுதான்.

வழியில் தளர்ந்தது தெரிந்தால், அல்லது நட்டே இல்லை என்றால்

ஆட்டம் உணர்ந்ததும் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஹஸார்டு விளக்கைப் போட்டு, ரோட்டை விட்டு விலகி நிறுத்துங்கள். நட்டுகளை எதிரெதிராக இறுக்கிய பிறகும், பழைய வேகத்தில் கிளம்பலாம் என்று எண்ண வேண்டாம். துளைகள் நீள்வட்டமாகியிருந்தாலோ, மரை தேய்ந்திருந்தாலோ, ஒரு ஸ்டட் முறிந்திருந்தாலோ இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

ஒரு சக்கரத்தில் நட்டு மொத்தமும் போய்விட்டால், மற்ற மூன்றிலிருந்தும் ஆளுக்கு ஒன்று எடுத்துப் போடலாம் என்ற பழைய யோசனை உங்கள் காதிலும் விழுந்திருக்கும். ஐந்து நட்டுக் காரில், ஸ்டட்கள் சேதமில்லாமல் இருந்தால், ரோட்டோரத்திலிருந்து பத்திரமான இடத்துக்கு ஊர்ந்து போக மட்டும் அது உதவும். நான்கு நட்டுக் காரில் நான் அதைச் செய்யமாட்டேன்.

மெக்கானிக்கிடம் போனதும் காணாமல் போன ஒன்றை மட்டும் வாங்கிப் போட்டு அனுப்பச் சொல்லாதீர்கள். ஒரு ஸ்டட் முறிந்திருந்தால் அதன் இரு பக்கத்து ஸ்டட்களையும் சேர்த்து மாற்றுவது முறை. இரண்டு முறிந்திருந்தால் அந்தச் சக்கரத்தின் அத்தனை ஸ்டட்களையும் மாற்ற வேண்டும். துளை கெட்ட சக்கரத்தை வெல்டிங் வைத்து ஒப்பேற்றாமல் புதிது வாங்குங்கள். புதிய ஸ்டட்களும் ஓடத் தொடங்கியதும் கொஞ்சம் உட்காரும் என்பதால், அந்தச் சக்கரத்துக்கும் படி 7 உண்டு.