மூத்த பெண்களின் காமெடிப் படம்: பன்முகத்தன்மையில் சறுக்கும் இடங்கள்

வயதான பெண்களை நாயகிகளாக்கினால் படம் ஓடாது என்று ஹாலிவுட் வெகுகாலம் நம்பியது. 2018இல் வெளியான 'புக் கிளப்' அதைப் பொய்யாக்கியது. டயான் கீட்டன், ஜேன் ஃபோண்டா, கேண்டிஸ் பெர்கன், மேரி ஸ்டீன்பர்கன் என 65 முதல் 80 வயது வரையிலான நான்கு பேர் நடித்த அந்தப் படம் 10 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அதற்குப் பிறகு இந்த வகைப் படங்கள் வரிசையாக வருகின்றன. இப்படி ஒரு கதை எழுத உட்காருபவர்கள் சில தவறுகளைத் தவிர்த்தே ஆக வேண்டும்.

நாயகிகளுக்கு வயதாகிவிட்டதாலேயே பன்முகத்தன்மை வந்துவிட்டது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. 'புக் கிளப்'பின் நான்கு தோழிகளும் வெள்ளையர்கள், நால்வரும் வசதியானவர்கள். ஒருவர் ஹோட்டல் முதலாளி, இன்னொருவர் நீதிபதி. பணக்கவலை யாருக்கும் இல்லை. ஆனால் அமெரிக்காவில் அரசு தரும் சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியத்தை வாழ்நாள் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். குறைந்த கூலிக்கு உழைத்தவருக்கும், பிள்ளை வளர்க்க வேலையை விட்டவருக்கும் கையில் வருவது குறைவு. அந்தப் பெண்களும் சிரிக்கிறார்கள், காதலிக்கிறார்கள், வம்பு பேசுகிறார்கள். அவர்கள் வீட்டுச் சமையலறையில் கிடைக்கும் நகைச்சுவையை இந்த வகைப் படங்கள் இன்னும் சரியாகத் தொடவே இல்லை என்பது என் கருத்து.

சரி, நான்காவது தோழியைக் கறுப்பினப் பெண்ணாகவோ லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண்ணாகவோ மாற்றினால் போதுமா? போதாது. மற்ற மூவருக்கும் மகள், முன்னாள் கணவர், பழைய காதல் என்றெல்லாம் இருக்க, அவர் மட்டும் தோழிக்கு ஆறுதல் சொல்லவே வந்துபோவார். '80 ஃபார் பிரேடி' (2023) படத்தில் போர்ட்டோ ரிக்கோவில் பிறந்த ரீட்டா மொரேனோ ஏற்ற மௌரா அப்படியல்ல. கணவரை இழந்து முதியோர் இல்லத்தில் இருப்பவர், சூதாட்ட மேசையில் கில்லாடி. அவருடைய துக்கமும் குறும்பும் அவருக்கே சொந்தம்.

அடுத்தது, முதுமையையே ஜோக்காக்குவது. மறதி, காது கேளாமை, போனில் எதையாவது அழுத்திவிட்டுத் திணறுவது எல்லாம் எளிதாகச் சிரிப்பு வரவழைப்பவை. இவற்றையே வேறு விதமாகக் கையாண்ட படம் 'தெல்மா' (2024). பேரன் குரலில் பேசியவனிடம் 10,000 டாலரை இழந்த 93 வயதுப் பாட்டி, டாம் குரூஸ் பாணியில் அதை மீட்கக் கிளம்புகிறார். பேட்டரி ஸ்கூட்டரில் அவர் மெதுவாகப் போவதை ஆக்‌ஷன் காட்சியின் முழு மரியாதையோடு எடுத்திருக்கிறார்கள். காது மெஷின் உளவாளியின் கருவியாகிறது. பாட்டியோடு சேர்ந்து சிரிக்கிறோம், அவரைப் பார்த்து அல்ல. கூடவே போகும் நண்பர் பென் (கறுப்பின நடிகர் ரிச்சர்ட் ரவுண்ட்ரீ ஏற்ற பாத்திரம்) என்பவருக்கும் சொந்தக் கவலை உண்டு. முதியோர் இல்ல நாடகத்தில் அவருக்கு ஒரு வேடம் இருக்கிறது, அதை விட மனசில்லை.

இயக்குநர் ஜாஷ் மார்கோலின் தன் சொந்தப் பாட்டியைப் பார்த்து எழுதிய கதை அது. அருகில் இருந்து கவனித்ததன் பலன் ஒவ்வொரு காட்சியிலும் தெரிகிறது.

எழுதி முடித்ததும் வசனங்களில் பெயர்களை மறைத்துப் படியுங்கள். யார் பேசுகிறார் என்று தெரியவில்லையென்றால் பாத்திரங்கள் இன்னும் உருவாகவில்லை. அப்புறம் ஒவ்வொரு பெண்ணும் தோழிகள் இல்லாத நேரத்தில் எங்கே போகிறார், யாருடைய போனை எடுக்காமல் விடுகிறார், மாத வாடகையை எப்படிக் கட்டுகிறார் என்று எழுதிப் பாருங்கள். யாருக்கு பதில் வரவில்லையோ, அவருக்குத்தான் அடுத்த காட்சி.