கறை எப்படி நல்லதானது? விளம்பரத்தை அமைப்பியல் வழியே படிக்கலாம்

'கறை', 'கரை' இரண்டையும் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். மாறுவது ஓர் எழுத்துதான். ஆனால் ஒன்று சட்டையில் படிவது, இன்னொன்று ஆற்றுக்கு இருப்பது. 'ற' தனியாக எதையும் குறிப்பதில்லை. 'ர' அல்ல என்பதுதான் அதன் வேலை. அர்த்தம் இப்படி வேறுபாட்டில்தான் பிறக்கிறது என்று ஜெனீவாவில் பாடம் நடத்தியவர் மொழியியலாளர் ஃபெர்டினான்ட் டி சசூர். அவர் இறந்து மூன்று ஆண்டு கழித்து, 1916-ல் அந்தப் பாடங்கள் நூலாக வந்தன. எதையும் தனியாகப் பார்க்காமல், மற்றவற்றோடு அதற்கு உள்ள உறவில் அர்த்தம் தேடும் முறையான அமைப்பியல் அங்கிருந்து வளர்ந்தது. பிறகு மானிடவியலாளர் க்ளோத் லெவி-ஸ்ட்ராஸ் தொன்மக் கதைகளுக்குள் பச்சை × சமைத்தது, இயற்கை × பண்பாடு என்று எதிரெதிர் ஜோடிகளைத் தேடினார். இந்த ஜோடிக்குப் பெயர் இருமை எதிர்வு. புறத்தை விட்டுவிட்டு அகத்தை விளக்க முடியாது அல்லவா, அதுபோல.

சரி, விளம்பரத்துக்கு வருவோம். 2005-ல் வந்த சர்ஃப் எக்செல் விளம்பரத்தை எடுத்துக்கொள்கிறேன். பள்ளிவிட்டு வரும் தங்கை சேற்றில் விழுந்து அழுகிறாள். அண்ணன் அந்தச் சேற்றையே குத்து குத்தென்று குத்தி, 'சாரி' கேட்கச் சொல்கிறான். சீருடையெல்லாம் சேறு. கடைசியில் சேறு சாரி சொல்லிவிட்டது என்கிறான். 'கறை நல்லது.'

முதலில், சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். கண்ணில் படுவதை மட்டும் எழுதுங்கள்: சீருடை, சேறு, கண்ணீர், முஷ்டி. 'பாசம்' என்று இப்போதே எழுதாதீர்கள், அது நீங்கள் சேர்த்த அர்த்தம். பிரெஞ்சு விமர்சகர் ரோலான் பார்த் 1964-ல் பன்சானி பாஸ்தா விளம்பரத்தைப் படித்தபோது, தக்காளி, குடைமிளகாய், வலைப்பை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் 'இத்தாலியத்தனம்' என்ற அர்த்தத்துக்கு வந்தார்.

அடுத்து, தாளின் நடுவே கோடு போட்டு ஜோடிகளை எழுதுங்கள்.

சுத்தம் × அழுக்கு
ஒழுங்கு × விளையாட்டு
அழுகை × ஆறுதல்
ஒதுங்கி நிற்பது × இறங்கிச் செய்வது

பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஜோடியைக் கண்டுபிடிப்பது பாதி வேலைகூட இல்லை. எந்தப் பக்கத்துக்கு விளம்பரம் மாலை போடுகிறது என்று பார்க்க வேண்டும். வழக்கமான சோப்புத்தூள் விளம்பரத்தில் சுத்தம் நல்லது, அழுக்கு கெட்டது. இங்கே அழுக்கு நல்ல பக்கத்துக்கு வந்துவிட்டது. தமிழில் இது இன்னும் பெரிய புரட்டல். 'கறை படிந்த கை' என்றால் நமக்கு ஊழல். கறை என்ற சொல்லிலேயே குற்றம் ஒட்டியிருக்கிறது. அதை அண்ணனின் பாசத்தோடு சேர்த்துக் கட்டியதும் சொல்லின் மதிப்பே மாறிவிடுகிறது.

அப்புறம், நடுவில் நிற்பது யார் என்று கேளுங்கள். தீராத எதிர்வுகளுக்கு இடையே சமரசம் செய்வதே தொன்மத்தின் வேலை என்றார் லெவி-ஸ்ட்ராஸ். இங்கே அந்த இடத்தில் சோப்புத்தூள் பாக்கெட் நிற்கிறது. பிள்ளை சேற்றிலும் இறங்கலாம், நாளைக்கு வெள்ளைச் சட்டையும் போடலாம்.

எனக்கு மிகவும் பிடித்த படி மாற்றிப் பார்ப்பது. ஓர் உறுப்பை மட்டும் மாற்றுங்கள், மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். தங்கை சேற்றைக் குத்தியிருந்தால்? 'காக்கும் ஆண் × காக்கப்படும் பெண்' என்ற ஜோடி வெளியே வரும். சீருடைக்குப் பதில் நாற்று நடுபவரின் சேலையில் அதே சேறு இருந்தால்? சாக்கடை அள்ளுபவரின் உடம்பில் இருந்தால்? அப்போது யாரும் 'கறை நல்லது' என்று சொல்வதில்லை. தூய்மை × தீட்டு என்று மனிதர்களையே பிரித்து வைத்த நாட்டில், எந்த உடம்பின் அழுக்கு அழகு, எந்த உடம்பின் அழுக்கு அருவருப்பு என்ற கணக்கு இந்தச் சின்ன மாற்றத்தில் தெரிந்துவிடுகிறது. துவைக்கப்போகும் கையும் அந்தச் சேற்றுக் காட்சியில் இல்லை. இல்லாததையும் தாளில் எழுதுங்கள்.

பயிற்சிக்கு ஒன்று: 2020-ல் ஃபேர் அண்ட் லவ்லி, க்ளோ அண்ட் லவ்லி என்று பெயர் மாறியது. கருப்பு × சிவப்பு என்ற ஜோடியில் ஒரு பக்கத்தின் பெயர் உறையிலிருந்து போய்விட்டது. பழைய விளம்பரம் ஒன்றையும் புதியது ஒன்றையும் சத்தமில்லாமல் அடுத்தடுத்துப் பார்த்து, அந்த ஜோடி வெளிச்சத்திலோ முகபாவத்திலோ இன்னும் இருக்கிறதா என்று கோடு போட்டு எழுதிப் பாருங்கள்.