பிளீச்சிங் பவுடர் வாசனையும் பேதுருவின் கரித்தீயும்

மழை விட்டதும் தெருவில் பிளீச்சிங் பவுடர் தூவுவார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறினால் போதும், எனக்குக் கை நடுங்கும், காது இரையும், எங்கேயாவது மேட்டுக்கு ஓட வேண்டும் போல இருக்கும். 2004 டிசம்பர் 26, குளச்சல் பக்கம் எங்கள் கரையில் கடல் ஏறி இறங்கிய பிறகு பல நாள் ஊர் முழுக்க அந்த வாசனைதான். ஒருமுறை செபக் கூட்டத்தில் துணிந்து சொன்னேன். "விசுவாசம் இருந்தா பயம் எதுக்கு?" என்றார் ஒருவர். அதோடு பல வருஷம் வாயே திறக்கவில்லை.

உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ இப்படி இருந்தால், எனக்குப் பிந்திக் கிடைத்த சில விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலில், உடம்பில் நடப்பதைப் புரிந்துகொள்ளுங்கள். மூளையில் அமிக்டலா என்று ஒரு பகுதி, ஆபத்து மணி அடிப்பது அதன் வேலை. ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி நடந்ததற்கு இடமும் காலமும் குறித்து வைக்கும். உயிர் போகிற பயத்தில் இந்தக் குறிப்பு ஒழுங்காக விழுவதில்லை. அதனால் பழைய நினைவு 'அன்றைக்கு' என்று வராமல் 'இப்போது' என்றே வருகிறது. அதிலும் வாசனை அமிக்டலாவுக்குக் குறுக்கு வழியில் போய்ச் சேரும். இதில் விசுவாசக் குறைவு எங்கே இருக்கிறது?

யோவான் நற்செய்தியை எடுத்துப் பாருங்கள். இயேசுவின் சீடர் பேதுரு, அவரைத் தெரியாது என்று மறுதலித்தது குளிர்காயப் போட்ட கரித்தீ பக்கத்தில். உயிர்த்த இயேசு கடற்கரையில் மீன் வைத்துக் காத்திருந்ததும் கரித்தீ மூட்டித்தான். புதிய ஏற்பாட்டில் கரித்தீ என்ற அந்தக் கிரேக்கச் சொல் இந்த இரண்டு இடத்தில் மட்டும்தான் வருகிறது. அந்தப் புகை பேதுருவை என்ன பாடு படுத்தியிருக்கும் என்று நற்செய்தி சொல்லவில்லை; எனக்குத் தெரியும் போலிருக்கிறது. ஆனால் இயேசு எடுத்ததும் விசாரணை வைக்கவில்லை. "வாங்க, சாப்பிடுங்க" என்றார். கேள்வியெல்லாம் சாப்பிட்ட பிறகுதான். சூரைச்செடிக்கு அடியில் சாகக் கேட்ட இறைவாக்கினர் எலியாவுக்கும் முதலில் கிடைத்தது தூக்கமும் அப்பமும் தண்ணீரும்.

அந்த வரிசையையே பிடித்துக்கொள்ளுங்கள். முதல் நாட்களில் சோறு, தூக்கம், பக்கத்தில் ஓர் ஆள். "என்ன நடந்துச்சு, முழுசா சொல்லு" என்று குடையாதீர்கள். அவரே பேசினால் கேளுங்கள். உடனே உட்காரவைத்து எல்லாவற்றையும் கொட்டவைப்பது பலன் தராது என்று ஆய்வுகளிலும் தெரிந்துவிட்டது. மேடையேற்றிச் சாட்சி சொல்லவைப்பது இன்னும் மோசம்.

நடுக்கம் வரும்போது நான் செய்வது செபமாலை. ஆனால் வேகமாக ஓட்டக் கூடாது. 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் இத்தாலிய ஆய்வில், செபமாலையை லத்தீனில் சொன்னவர்களின் மூச்சு நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஆறாகக் குறைந்தது. இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கமும் அதோடு சீரானது. நான் மூச்சை இழுக்கும்போது மனசுக்குள் "அருள் நிறைந்த மரியே" என்பேன், விடும்போது "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று இழுத்துச் சொல்வேன். வெளிமூச்சு நீளமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கண்ணை மூடாதீர்கள், சுவர், செருப்பு, நாட்காட்டித் தேதி என்று கண்ணில் படுவதைப் பாருங்கள்.

ஒரு மாதம் தாண்டியும் கெட்ட கனவு, திடுக்கிடல், சில இடங்களைத் தவிர்த்தே நடப்பது, யாரிடமும் ஒட்டாமல் மரத்துப்போவது எல்லாம் தொடர்ந்தால் மனநல மருத்துவரிடம் போங்கள். சாகலாம் என்று தோன்றினால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். 14416, அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண். எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம், காசு கிடையாது. பயிற்சி பெற்றவரோடு நினைவைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கும் சிகிச்சை உண்டு. இஎம்டிஆர் என்று கண்ணை இடம் வலமாக அசைத்துச் செய்வதும் உண்டு. மாத்திரை எழுதித் தந்தால் அதைச் செபத்துக்குப் போட்டியாக நினைக்காதீர்கள். சர்க்கரைக்கு மாத்திரை போட்டுவிட்டுத்தானே பூசைக்குப் போகிறோம்?

இன்னொன்று. காயம் மனுஷரால் வந்தது என்றால், அடியோ பாலியல் கொடுமையோ, "மன்னிச்சிரு" என்று யாரும் அவசரப்படுத்த விடாதீர்கள். முதலில் அந்த ஆளிடமிருந்து விலகிப் பத்திரமாக இருக்க வேண்டும். செபிக்க வார்த்தை வரவில்லையா, திருப்பாடல் 88ஐ வாசியுங்கள். அது கடைசி வரி வரை இருட்டுதான். அதையும் திருச்சபை செபமென்றே வைத்திருக்கிறது.

எனக்கு ஆலோசகர் கொடுத்த பாடம் ஒரு ஸ்பூன் பிளீச்சிங் பவுடர். மூடின டப்பாவில் வாசல் திண்ணையில் வைத்துத் தள்ளி உட்கார வேண்டும். நடுக்கம் தானாக அடங்கும் வரை எழுந்து ஓடக் கூடாது. மறு வாரம் மூடியைத் திறந்து. அப்புறம் கையில். மூன்றாவது வாரம் அழுதுகொண்டே எழுந்து போய்விட்டேன். திரும்ப மூடின டப்பாவிலிருந்தே ஆரம்பித்தோம்.

போன மழைக்கு வீட்டு முற்றத்தில் நானே தூவினேன். பாதி தூவும்போதுதான் கவனித்தேன், மனசு சாளை மீன் விலையைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.