கடைசி வாங்கு நக்கலுக்கு ஒரு வரிப் பகிடி

தரம் 10. கடைசி வாங்கிலிருந்து ஒரு குரல்: "சேர், இது சோதினைக்கு வருமோ, இல்லாட்டிச் சும்மா அறுக்கிறியளோ?" வகுப்பே சிரிக்கும். ஆசிரியர் நாங்கள் கத்தினால் அன்றைய கதாநாயகன் அவன்தான். பிரம்பை இலங்கைக் கல்வி அமைச்சு 2005இலேயே சுற்றறிக்கை விட்டுத் தடுத்துவிட்டது (தேவையுமில்லை).

எனக்குச் சரிவந்தது இதுதான். இரண்டு மூன்று வினாடி பேசாமல் நிற்க வேண்டும். பிறகு பகிடியை எங்கள் பக்கமே திருப்ப வேண்டும்: "அறுக்கிறதுதான் தம்பி, கத்தி கொஞ்சம் மொட்டை. நீ மூன்றாம் கணக்கைச் செய், நான் தீட்டிக்கொண்டு வாறன்." ஒரே வசனம், உடனே கரும்பலகை. இரண்டாவது பகிடி விட்டால் போட்டி தொடங்கிவிடும், 40 நிமிடப் பாடமும் போய்விடும்.

பெடியனின் உடம்பு, ஊர், சாதி, தகப்பனின் தொழில், புள்ளி எதையும் தொடக்கூடாது. தொட்டால் அது பட்டப்பெயராகி உயர்தரம் வரை ஒட்டிக்கொள்ளும். அடுத்த நாள் தாய் அதிபரின் அறையில் நிற்பா.

இன்னொரு பிள்ளையை அவன் இழிவுபடுத்தினால் பகிடி வேண்டாம். மணி அடித்தபின் விறாந்தையில், தனியாக, தாழ்ந்த குரலில்.